எங்க போறீங்க?

மீஸ்பாஹ் நிலையத்தில் வண்டி நின்றதும் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடினேன். முன்னால் இருக்கும் அப்பாவின் பெட்டியில் ஏறிக்கொள்வதுதான் எண்ணம். பத்தடி போனதும் வண்டி முடிந்துவிட்டது. அப்பாவின் பெட்டி நிற்க வேண்டிய இடத்தில் வெறும் தண்டவாளம் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

"அம்மா, தாத்தா எங்க?" என்றான்.

எனக்கு வாயே வரவில்லை. பின்னால் கதவு மூடிக்கொள்ள, நாங்கள் வந்த வண்டியும் கிளம்பிப் போய்விட்டது.

அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. 90 நாள் விசா. வந்ததிலிருந்து வீடு, பூங்கா, பேரனின் பள்ளி வாசல், இவ்வளவுதான் பார்த்திருந்தார். மலையும் ஏரியும் சேர்ந்த இடமாகக் காட்டலாம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை டேகர்ன்ஸே கிளம்பினோம். மியூனிக்கிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். என் கணவருக்கு அன்று வேலை, அதனால் நாங்கள் மூன்று பேர் மட்டும். விடிகாலையில் எழுந்து எலுமிச்சம்பழ சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் கட்டினேன். கட்டுச்சோறு இல்லாமல் ரயில் ஏறி எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. அப்பா தன் பங்குக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த மக்ரூன் பொட்டலத்தையும் பைக்குள் வைத்தார்.

மலைப்பக்கம் போகும் வண்டிகள் மியூனிக்கின் பெரிய நிலையத்தில் வடக்கே தள்ளி, தனியாக ஒரு பகுதியிலிருந்து கிளம்பும். அன்று அங்கே சரியான கூட்டம். ஊன்றுகோலும் முதுகுப்பையுமாக மலையேறப் போகிறவர்கள், சைக்கிள்கள், நாய்கள். ஒரு வாசலில் அப்பாவை ஏற்றியதும் ஒரு பையன் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தான். அதற்குமேல் அங்கே நிற்கக்கூட இடமில்லை. "நீங்க இங்கேயே உக்காருங்கப்பா, நாங்க பின்னாடி ஏறி உள்ளாற நடந்து வந்துடுறோம்" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பையை அவர் மடியில் வைத்தேன். உள்ளே நடந்து போனால் பாதியில் ஓட்டுநர் அறையின் சுவர்தான் இருந்தது. இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் வழியே கிடையாது. சரி, கூட்டம் குறைந்ததும் ஏதாவது நிலையத்தில் இறங்கி மாறிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அது ஒரே வண்டி இல்லை, மூன்று வண்டிகளைக் கோர்த்தது. ஹோல்ட்ஸ்கிர்ஷன் வரைக்கும் ஒன்றாகப் போகும். அங்கே பைரிஷ்செல் போகும் பகுதியைக் கழற்றிவிடுவார்கள். மிச்சம் ஷாஃப்ட்லாஹ் வரை போய், லெங்க்ரீஸுக்கு ஒன்று, டேகர்ன்ஸேவுக்கு ஒன்று என்று மறுபடியும் பிரியும். ஊர் பெயர் அந்தந்தப் பகுதியின் வெளியிலும் உள்ளேயும் எழுதியிருக்கும். அறிவிப்பும் செய்கிறார்கள். அன்றைக்கும் செய்திருப்பார்கள். மகனுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு அது காதில் ஏறவில்லை. அப்பா சரியான பகுதியில்தான் இருந்தார். பைரிஷ்செல் பகுதியில் இருந்தவர்கள் நாங்கள்தான்.

இதையெல்லாம் மீஸ்பாஹ் நடைமேடையில் நின்று, கைபேசியைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். உடனே அடுத்த பயம் வந்தது. எங்களிடம் இருந்தது பயர்ன் டிக்கெட். 5 பேர் வரை ஒரே சீட்டில் போகலாம். அந்த ஒரே சீட்டு என் கைப்பையில். அப்பாவிடம் ஒன்றும் இல்லை. சீட்டில்லாமல் பிடிபட்டால் 60 யூரோ அபராதம். பணம் போனால் போகட்டும், பாஷை தெரியாத மனிதரை அத்தனை பேர் நடுவில் நிற்கவைத்துக் கேட்பார்களே என்பதைத்தான் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவருடைய போன் எங்கள் வீட்டு வைஃபையில் மட்டும்தான் வேலை செய்யும். சட்டைப்பையில் வீட்டு விலாசமும் என் நம்பரும் எழுதிய துண்டுச்சீட்டு ஒன்று இருந்தது. அது ஒன்றுதான் நம்பிக்கை.

இங்கே வந்து நான்கு வருடம் ஆகிறது. ஜெர்மன் தேர்வு எழுதித் தேறியிருக்கிறேன். குப்பையை எந்தத் தொட்டியில் போடவேண்டும், ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது என்பதால் சனிக்கிழமையே என்னென்ன வாங்கவேண்டும் என்பதெல்லாம் யோசிக்காமலே வருகிறது. ஊரிலிருந்து யாராவது கேட்டால் "பழகிட்டு" என்றுதான் சொல்வேன். ஆனால் ரயிலில் இருக்கும் அமைதி மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை. அரை மணி நேரம் எதிரும் புதிருமாக, முட்டி இடிக்க உட்கார்ந்து வந்தோம். ஒருவராவது "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டிருந்தால் நான் டேகர்ன்ஸே என்று சொல்லியிருப்பேன். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் தெரிந்திருக்கும்.

எங்கள் ஊருக்கும் அப்படி ஒரு வண்டி இருந்தது. எழும்பூரிலிருந்து குருவாயூர் போகும் பகல் வண்டி. அதில் தூத்துக்குடிப் பெட்டிகளை மணியாச்சியில் கழற்றுவார்கள். சின்ன வயதில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டு அதில் திரும்பி வருவோம். மதுரை தாண்டினாலே பெட்டிக்குள் விசாரணை ஆரம்பித்துவிடும். "எங்க போறீங்க? தூத்துக்குடியா? இதே பெட்டிதான், இருங்க." "நாகர்கோவிலா? ஐயையோ, இது இல்ல, சாமானை எடுங்க, அந்தப் பக்கம் போங்க." குழந்தையை ஒருவர் வாங்கிக்கொள்வார், டிரங்குப் பெட்டியை இன்னொருவர் தூக்குவார். வண்டி மணியாச்சிக்கு வருவதற்குள் நன்றாக இருட்டிவிடும். 1911இல் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்ட இடம் இதுதான் என்று அப்பா ஒவ்வொரு முறையும் சொல்வார். சொல்லி முடிக்கும்போது ஒரு குலுக்கல் வரும். பெட்டி கழன்றுவிட்டது என்று அர்த்தம். இனி வீடுதான்.

கல்லூரியில் படித்த காலத்தில் அந்த "எங்க போறீங்க"வைக் கேட்டாலே எரிச்சலாக இருக்கும். தெரியாதவரிடம் எதற்குச் சொல்லவேண்டும் என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறேன். மீஸ்பாஹ் நடைமேடையில் அந்த முகங்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன.

திரும்பிப்போகும் வண்டிக்குக் காத்திருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண்மணி ஜெர்மனில் ஏதோ சொல்லிவிட்டுப் போனைக் கைமாற்றினார். "எம்மா, நான் ஊர் வந்து சேந்துட்டேன். நீங்க எங்க இருக்கீங்க?" என்றார் அப்பா. எனக்கு அழுகை வந்துவிட்டது. "பதறாம வா. சாப்பாடு பத்திரமா இருக்கு. பிள்ளைக்கு ஏதாச்சும் வாங்கிக் குடு, பசி தாங்க மாட்டான்."

ஹோல்ட்ஸ்கிர்ஷன் திரும்பி வந்து அடுத்த வண்டிக்கு நின்றபோது, வாழ்க்கையில் கேட்காத அளவுக்குக் கேட்டேன். நான்கு பேரிடம், "இது டேகர்ன்ஸே போகும் பகுதிதானே?" என்று. நான்கு பேரும் நின்று நிதானமாகப் பதில் சொன்னார்கள். ஒருவர் சரியான வாசல் வரை கூடவே நடந்து வந்து ஏற்றிவிட்டார். கேட்டால் இவ்வளவு செய்கிறவர்களிடம் நான்கு வருடமாக நான் ஒன்றுமே கேட்டதில்லை.

டேகர்ன்ஸே நிலையத்தில் அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா. நடுவில் மக்ரூன் பொட்டலம் பிரிந்து கிடந்தது. எங்களைப் பார்த்ததும் அந்த அம்மாதான் முதலில் எழுந்து கையசைத்தார். அந்த ஊர்க்காரராம். மகள் வரும்வரை தனியாக விட்டுப்போக மனமில்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேலாகக் கூடவே இருந்திருக்கிறார்.

நடந்ததை அப்பா சாப்பிடும்போது சொன்னார். ஏரிக்கரையில், பழைய மடாலயத்தின் இரட்டைக் கோபுரம் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தோம். "அந்த ஊர்ல வண்டி ரொம்ப நேரம் நின்னுச்சு பாரு, ஒரு குலுக்கு வேற. மணியாச்சி மாதிரி இருக்கேன்னு நெனச்சேன். எதுத்தாப்ல இருந்த அம்மாட்ட மக்ரூனை நீட்டி, வேர் கோயிங்னு கேட்டேன். டேகர்ன்ஸேன்னாங்க. மீ ஆல்சோன்னேன். அப்புறம் எனக்கென்ன கவலை?" டிக்கெட் பார்க்க ஆள் வந்தபோதும் அந்த அம்மாதான் பேசியிருக்கிறார். வந்தவர் துண்டுச்சீட்டைப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாராம்.

வேர் கோயிங். தூத்துக்குடியிலிருந்து அவர் கொண்டுவந்த ஆங்கிலத்தில் பாதி அதுதான்.

எலுமிச்சம்பழ சாதம் ஆறிப்போயிருந்தது. மகன் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான்.

அப்பா ஊருக்குப் போய் மாதங்கள் ஆகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை போனில் பேரனிடம் பேசி முடித்ததும் என்னிடம் தவறாமல் கேட்கிறார்: "அந்த அம்மாவைப் பாத்தியா? நல்லா இருக்காங்களா?" நாங்கள் இருப்பது மியூனிக்கில், அவர் இருப்பது டேகர்ன்ஸேவில் என்று சொல்லிப் பார்த்தேன். "ஒரே லைன்தானேம்மா" என்கிறார். அடுத்த முறை போகும்போது கொடுக்கச் சொல்லி, ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் கால் கிலோ மக்ரூன் கொடுத்தனுப்பியிருக்கிறார். டப்பாவில் போட்டு, பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.