செலஸ்டியாவில் பெரிய நட்சத்திரப் பட்டியல்: ஏற்றுவதற்கு முன் சலிக்க வேண்டியவை

செலஸ்டியா என்ற முப்பரிமாண விண்வெளி மென்பொருளை நிறுவியதும் கிடைப்பது ஒரு லட்சத்துச் சொச்சம் நட்சத்திரங்கள். அதன் அடிப்படை 1997-இல் வெளியான, ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் அளந்த பட்டியல். அதில் இருந்தவை 1,18,218. 2022 ஜூனில் வந்த, கையா விண்கலத் தரவின் மூன்றாம் வெளியீட்டிலோ சுமார் 181 கோடிப் பதிவுகள் உள்ளன, அவற்றில் ஏறக்குறைய 146 கோடிக்கு இடமாறு தோற்றக் கோணம், அதாவது தூரத்தைக் கணக்கிட உதவும் பாரலாக்ஸ், உண்டு. இதைப் பார்த்ததும் முடிந்தவரை அள்ளிப் போடத் தோன்றும். ஆனால் தூரம் நம்பகமாகத் தெரிந்த 20 லட்சம் நட்சத்திரங்கள் தரும் வானம், தூரம் சரியாகத் தெரியாத 2 கோடி தருவதைவிட எவ்வளவோ மேல்.

ஸ்டெல்லேரியம் என்ற வான்காட்சி மென்பொருளில் பூமியிலிருந்து பார்க்கும் வானம்தான் முக்கியம். அங்கே ஒரு நட்சத்திரத்தின் தூரம் தப்பாக இருந்தாலும் திசை சரியாக இருந்தால் படம் கெடாது. செலஸ்டியாவில் நாம் பூமியை விட்டுக் கிளம்பிவிடுகிறோம். கார்த்திகைக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹிப்பார்கோஸ் பாரலாக்ஸில் ஒரு மில்லி ஆர்க்செகண்ட் (பாகையின் 36 லட்சத்தில் ஒரு பங்கு) அளவுக்குப் பிழை இருக்கும்; கூட்டத்தின் பாரலாக்ஸே எட்டுக்குள்தான். ஆக, தூரத்தில் 12 சதவீதத்துக்கு மேல் தள்ளாட்டம். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் உருண்டையாக இருக்க வேண்டிய கூட்டம், சூரியனை நோக்கி நீட்டிய விரல்போல் 50 ஒளியாண்டு வரை இழுபட்டுத் தெரியும். கையாவில் இந்தக் கூட்டத்தின் பிரகாசமான உறுப்பினர்களுக்குப் பிழை பெரும்பாலும் 0.03 மில்லி ஆர்க்செகண்டுக்குள். நீட்சி ஒன்றிரண்டு ஒளியாண்டாகச் சுருங்கிவிடும். அதே கையாவில் 17,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கூட்டத்தை ஏற்றினால் பழைய விரல் திரும்ப வந்துவிடும், இம்முறை ஆயிரக்கணக்கான ஒளியாண்டு நீளத்துக்கு.

எனவே முதல் சல்லடை, பாரலாக்ஸை அதன் பிழையால் வகுத்த விகிதம். 10-க்கு மேல் இருப்பதை எடுங்கள்; எண்ணிக்கை போதவில்லை என்றால் 5 வரை இறங்கலாம். அதற்குக் கீழே, ஒன்றைப் பாரலாக்ஸால் வகுத்துத் தூரம் காணும் வழியே செல்லாது. பாரலாக்ஸ் எதிர்மறையாக வரும் பதிவுகளும் கோடிக்கணக்கில் உண்டு. வடிகட்டாமல் கணக்கிட்டால் அவை வானின் எதிர்ப்பக்கத்தில் போய் உட்காரும். இரண்டாவது சல்லடை ரூவி (RUWE) மதிப்பு, அதாவது அளவீடு ஒற்றை நட்சத்திர மாதிரியோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காட்டும் எண். அது 1.4-ஐத் தாண்டினால் பெரும்பாலும் பிரித்தறிய முடியாத இரட்டை நட்சத்திரமாக இருக்கும், அளவீட்டை நம்ப முடியாது.

வெறுங்கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களுக்கு இந்தச் சல்லடை வேண்டாம். அவற்றை நீக்கினால் விண்மீன் குழுக்களே சிதைந்துவிடும். மேலும், கையாவின் கருவிக்கு மிகப் பிரகாசமானவை ஒத்துவராது. சிரியஸ் ஏ, திருவாதிரை போன்றவை அதில் இல்லவே இல்லை. பொலிவெண் (குறையக் குறையப் பிரகாசம் கூடும் அளவு) 3-க்கும் பிரகாசமானவற்றுக்கு 2007-இல் மறுகணக்கிட்ட ஹிப்பார்கோஸ் மதிப்புகளே கதி. பழைய 1997 மதிப்புகளை எடுக்காதீர்கள். டெனெப்புக்குப் பழையது 1.01 மில்லி ஆர்க்செகண்ட், அதாவது 3,200 ஒளியாண்டுக்கு மேல்; புதியது 2.31, சுமார் 1,400 ஒளியாண்டு.

இரண்டு பட்டியல்களை இணைக்கும்போதுதான் அதிகம் சொதப்பும். ஹிப்பார்கோஸ் நிலைகள் 1991.25-க்கு உரியவை, கையா மூன்று 2016.0-க்கு. இடையில் 24.75 ஆண்டுகள். பர்னார்டின் நட்சத்திரம் ஆண்டுக்கு 10.4 ஆர்க்செகண்ட் நகர்வதால் அது நான்கு ஆர்க்மினிட்டுக்கு மேல் இடம் மாறியிருக்கும். நிலையை மட்டும் வைத்துப் பொருத்தினால் அதே நட்சத்திரம் இரண்டு தடவை வரும். கையா காப்பகத்திலேயே ஹிப்பார்கோஸுக்கும் டைக்கோ-2 என்ற இன்னொரு பட்டியலுக்கும் தயாரான பொருத்த அட்டவணைகள் இருக்கின்றன, அவற்றையே பயன்படுத்துங்கள்.

கையா அடையாள எண் 19 இலக்கம் வரை போகும். எக்செல்லில் திறந்தால் 15 இலக்கத்துக்குப் பின் எல்லாம் பூஜ்ஜியமாகிவிடும், பிறகு எந்த நட்சத்திரம் எது என்றே தெரியாது. பைத்தான் மொழியின் தரவு நூலகமான பாண்டாஸில் அந்தப் பத்தியில் ஒரே ஒரு காலி இடம் இருந்தாலும் எண்கள் தசம வடிவத்துக்கு மாறிக் கடைசி இலக்கங்கள் தேய்ந்துவிடும். எழுத்துச் சரமாகவே படியுங்கள்.

செலஸ்டியா நட்சத்திரங்களைச் சேமிக்கும் ஸ்டார்ஸ்.டாட் (stars.dat) கோப்பில் இந்த எண்ணுக்கு இடமே கிடையாது. அங்கே 32 பிட் மட்டும்தான். ஹிப்பார்கோஸ் பட்டியல் எண் (ஹிப் எண்) உள்ளவற்றுக்கு அதையே கொடுங்கள். இல்லாவிட்டால் பெயர்க் கோப்பும் விண்மீன் குழுக் கோடுகளும் அந்த நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்காது, ஆல்ஃபா சென்டாரி போன்றவை இரட்டிப்பாகத் தெரியும். மற்றவற்றுக்கு டைக்கோ எண்: மூன்றாம் பகுதியை 100 கோடியாலும், இரண்டாம் பகுதியைப் பத்தாயிரத்தாலும் பெருக்கி, முதல் பகுதியோடு கூட்ட வேண்டும். டைக்கோ 1234-567-1 என்பது 1005671234 ஆகும். டைக்கோ-2-இல் இருப்பது சுமார் 25 லட்சம் நட்சத்திரங்கள் என்பதால், செலஸ்டியாவுக்கு அதுவே இயல்பான உச்சவரம்பு.

கோப்பின் தலைப்பு 14 பைட். பிறகு நட்சத்திரத்துக்கு 20 பைட்: எண்ணுக்கு 4, மூன்று ஆயங்களுக்கு 12, தனிப்பொலிவெண்ணை (நட்சத்திரத்தின் சொந்தப் பிரகாச அளவு) 256-ஆல் பெருக்கிய முழு எண்ணுக்கு 2, நிறமாலை வகைக்கு (நிறம், வெப்பநிலை சார்ந்த வகை) 2. ஆக 20 லட்சத்துக்கு 40 எம்பி. ஆயங்கள் ஒளியாண்டில், 3261.56-ஐ மில்லி ஆர்க்செகண்டால் வகுத்துக் கிடைப்பது. நிலநடுக்கோட்டு ஆயங்களை 23.44 பாகை சுழற்றிச் சூரியவீதித் தளத்துக்கு, அதாவது பூமியின் சுற்றுப்பாதைத் தளத்துக்குக், கொண்டுவந்து, வடதுருவ அச்சை இரண்டாவதாகவும், மீதமுள்ள அச்சைக் குறி மாற்றி மூன்றாவதாகவும் எழுத வேண்டும். குறி மாற்ற மறந்தால் வானம் கண்ணாடிப் பிம்பமாகத் தெரியும். சுழற்ற மறந்தால் கோள்கள் ராசி மண்டலத்தைவிட்டு விலகி நடக்கும். ஆயங்கள் ஒற்றைத் துல்லிய எண்கள் என்பதால் 10,000 ஒளியாண்டில் மிகச் சிறிய படி சுமார் 60 வானியல் அலகு (பூமி-சூரியன் தூரத்தைப்போல் 60 மடங்கு). அங்கே நெருங்கிய இரட்டைகளைத் தனித்தனிப் புள்ளிகளாக வைக்க முடியாது.

பொலிவெண்ணையும் அப்படியே போடக் கூடாது. கையாவின் ஜி பட்டை (அது அளக்கும் ஒளி அலைநீள வரம்பு), கண்ணுக்கு நெருங்கிய வி பட்டை அல்ல. சூரியன் போன்றவற்றுக்கு வித்தியாசம் 0.15 அளவுதான், ஆனால் நீல-சிவப்பு நிறக்குறியீடு 3-ஐ எட்டும் செங்குள்ளன்களுக்கு ஒன்றரைப் பொலிவெண். மாற்றாமல் விட்டால் அவை நான்கு மடங்கு பிரகாசமாக மின்னும். நிறமாலை வகையை நிறக்குறியீட்டிலிருந்து ஊகிக்கும்போதும் கவனம் தேவை. தூசிக்குப் பின்னால் உள்ள நீல நட்சத்திரம் சிவந்து தெரியும். வெப்பநிலை பாதியாகப் பதிவானால், அதே ஒளிர்வுக்குச் செலஸ்டியா ஆரத்தை நான்கு மடங்காக்கிக் காட்டும்.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் ஏற்றாதீர்கள். முதலில் பொலிவெண் 7 வரை உள்ளவற்றை மட்டும் கோப்பாக்கி, விண்மீன் குழுக் கோடுகளைப் போட்டுப் பாருங்கள். ஏதாவது கோடு ஒரு நட்சத்திரத்தைத் தாண்டி அடுத்ததற்குப் போனால் அங்கே ஹிப் எண் விடுபட்டிருக்கிறது. பிறகு கார்த்திகைக்குப் பக்கவாட்டில் போய்ப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் 11.5 வரை நீட்டலாம். அதற்கும் மேல் கோடிக்கணக்கில் வேண்டுமானால் கையா ஸ்கை என்ற மென்பொருளுக்கு மாறுங்கள். அது பட்டியலை எண்கிளை மரமாகப் பிரித்து, பார்க்கும் பகுதியை மட்டும் நினைவகத்துக்குக் கொண்டுவரும்.