துருவையும் விடாமல் வரைந்தவர்கள்

இரண்டு நாளாக ஒரு தகரக் காபி கூஜாவின் படத்தையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர் வீட்டுப் பாத்திரம். கறுப்புப் பூச்சின்மேல் சிவப்புப் பழம், மஞ்சள் இலை. பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியிலிருக்கும் தகரம் தெரிகிறது. போட்டோ என்றே நினைத்துவிட்டேன். வாட்டர்கலர்!

இந்தப் படம் ‘இன்டெக்ஸ் ஆஃப் அமெரிக்கன் டிசைன்’ தொகுப்பில் இருப்பது. அமெரிக்காவின் பழைய புழங்குபொருள்களை வரைந்து பதிவுசெய்த திட்டம். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்து நின்ற ஓவியர்களுக்கு அமெரிக்க அரசு 1935இல் தொடங்கிக் கொடுத்த வேலை. 1942 வரை நடந்தது. 18,000க்கும் மேற்பட்ட ஓவியங்கள். எல்லாம் இப்போது வாஷிங்டன் நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட்டில்.

உலோகத்தை வரைவது லேசுப்பட்ட காரியமா? செம்புக் கெட்டிலின் பளபளப்பு வேறு, பியூட்டர் என்கிற வெள்ளீயக் கலவையில் செய்த டீபாட்டின் மங்கல் வேறு, கொல்லன் அடித்த இரும்பின் சொரசொரப்பு வேறு. மெல்லிய நிறத்தைப் படலம் படலமாக ஏற்றித்தான் அந்த வித்தியாசத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அன்றைய கலர் போட்டோவை நம்பி இந்த வேலையைக் கொடுக்க முடியவில்லை.

எனக்குப் பிடித்தது ‘பெட்டி லாம்ப்’ (Betty lamp) என்கிற சின்ன இரும்பு விளக்கு. உள்ளங்கையளவு கிண்ணம், கொழுப்பு ஊற்றித் திரி போடுவார்கள். கொக்கியும் முள்ளும் சேர்ந்த ஒரு கம்பி; விட்டத்தில் மாட்டலாம், மரத்தில் குத்தியும் வைக்கலாம். செய்தவன் பெயர் பெரும்பாலும் தெரியாது. ஆனால் அவன் சுத்தியல் விழுந்த ஒவ்வொரு பள்ளத்தையும் ஒருவர் நாள்கணக்கில் உட்கார்ந்து வரைந்திருக்கிறார்.

கேலரியின் தளத்தில் இலவசமாகவே பதிவிறக்கலாம். பெரிய திரையில் பாருங்கள்.