கேனிங் ஸ்டாக் ரூட் பயண ஏற்பாடு

மேற்கு ஆஸ்திரேலியாவின் விலூனாவிலிருந்து ஹால்ஸ் கிரீக் வரை ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர் நீளும், மாட்டு மந்தைகளை ஓட்டிச்செல்ல அமைத்த பழைய பாலைவனத் தடமான கேனிங் ஸ்டாக் ரூட்டில், வெயில் தணிந்திருக்கும் ஜூலை மாதத்தில், இரண்டு வண்டிகளில் செல்லத் திட்டமிட்டு வருகிறோம். 1906-இல் இத்தடத்தை அளந்த ஆல்ஃபிரட் கேனிங், நீர்ச்சுனைகளைக் காட்டச் சொல்லிப் பழங்குடி மக்களைச் சங்கிலியில் பிணைத்து நடத்தினார் என்பதைப் படித்தபின், அவர்களது நிலத்தில் நுழைவதற்கான அனுமதியைத்தான் முதலில் கேட்டு வாங்கினேன்.

நூற்றுக்கணக்கான மணல்மேடுகளை ஏறி இறங்க, டயரில் காற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். எதிரே வருபவர் கண்ணில் படும்படி உயரமான கொடியும் கட்ட வேண்டும். எனக்குள்ள பெரிய அச்சம் ஸ்பினிஃபெக்ஸ் புல்தான். பிசின் நிறைந்த அந்தக் காய்ந்த புல், வண்டிக்கு அடியில் கொதிக்கும் புகைக்குழாயில் சிக்கிக்கொண்டால் தீப்பிடித்துவிடும். ஆகவே, நிறுத்துமிடந்தோறும் குனிந்து புல்லை இழுத்தெடுக்க, முனை வளைத்த கம்பியொன்றை நேற்றே செய்து வைத்துவிட்டேன்.