குளோனுக்கும் ஒரு கர்மா உண்டு

போன சனிக்கிழமை ராத்திரி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடும் எங்கள் விளையாட்டில், கப்பலின் மந்திரக்காரி செத்துப்போனாள். அவளை ஆடிய தம்பி கொஞ்சமும் கலங்காமல், "பரவாயில்லண்ணே, கதை நடக்கிறது 2800-ல்தானே, ஒரு குளோன் எடுத்து அடுத்த வாரம் கொண்டாந்துடுங்க" என்றான். கதையை நடத்துகிறவன் நான். எனக்கு மனசு ஒப்பவில்லை. அதே வயசு, அதே நினைவு, அதே மந்திரத்தோடு ஒருத்தி தொட்டியிலிருந்து எழுந்து வந்தால் செத்தவளுக்கு என்ன மரியாதை?

நாங்கள் ஆடுவது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், என் வீட்டு முன்வாசலில். தோட்டத்து ஆட்களுக்குக் குளோன், அதாவது ஓர் உயிரின் மரபணு நகல், பழைய சங்கதி. என் தாத்தா ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டியவர், ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரப்பர் ரகம் அவருக்கு வெறும் 'அறுநூறு'. விதைக் கன்றின் பட்டையைக் கீறி, அறுநூறின் மொட்டை வைத்துக் கட்டி, மூன்று வாரம் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள். பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம், அப்புறம் கன்றின் மேல்பாகத்தை வெட்டிவிட்டு மொட்டைத் தழைக்க விடுவார்கள். மேலே உள்ளது அச்சு அசல் அறுநூறு, வேர் மட்டும் வேறு மரத்துடையது. பால் எடுக்கக் கத்தி வைக்க இன்னும் ஆறேழு வருஷம் காத்திருக்கணும்.

மனிதக் குளோனையும் நான் அப்படித்தான் வைக்கப்போகிறேன். உடம்பின் ஒரு செல்லிலிருந்து மரபணு இருக்கும் உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கிய முட்டைக்குள் வைக்கிறார்கள். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா முட்டை கொடுத்தவளுடையதாகவே இருக்கும், அதுதான் இங்கே வேர். சுமக்க ஒரு கருப்பை வேண்டும். பிறப்பது குழந்தை. நினைவு மரபணுவில் இல்லை, அதனால் கற்ற மந்திரம் எல்லாம் பூஜ்யத்திலிருந்து. 1996-ல் குளோனாகப் பிறந்த டாலி ஆட்டுக்கு 277 முட்டைகளில் முயன்று ஒன்றுதான் உயிரோடு பிறந்தது. 2800-ல் அந்தக் கணக்கு எவ்வளவோ மேலாகியிருக்கும், சரி, ஆனால் ஒரே முயற்சியில் கிடைப்பதாக வைக்க மாட்டேன்.

எனக்கு ரொம்பப் பிடித்த விதி செம்பனையிலிருந்து வந்தது. திசு வளர்ப்பில் குளோன் செய்த செம்பனைகள் நாற்றங்காலில் தாய்மரம் மாதிரியே செழிப்பாக நிற்கும். நட்டு, வருஷங்கள் போய், பூத்துக் காய்க்கிற நேரத்தில்தான் சிலவற்றில் பழம் கோணலாகி எண்ணெய் குறைந்து போவது தெரியும். மரபணு எழுத்தில் ஒரு மாற்றமும் கிடையாது. 'கர்மா' என்று பெயர் வைத்த ஒரு டி.என்.ஏ. துண்டின் மேல் இருக்க வேண்டிய மெத்தில் என்ற வேதிக் குறிகள் வளர்ப்பின்போது உதிர்ந்துவிடுகின்றன, அவ்வளவுதான். மலேசிய ஆய்வாளர்கள் 2015-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பெயரைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆகவே ஒவ்வொரு குளோனுக்கும் கர்மா என்று ஓர் எண். பிறக்கும்போதே நான் பகடை உருட்டி மறைத்து வைப்பேன், ஆடுகிறவனுக்குத் தெரியாது. பதினாறு வயசில் முதல் மந்திரம் சொல்லும்போதுதான் திறப்பேன். வளர்ச்சியை அவசரப்படுத்தினால் இன்னொரு பகடையும் சேர்த்து உருட்டணும், கெட்ட எண்ணைத்தான் எடுக்கணும்.

இதையெல்லாம் தம்பிக்கு எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. நேற்று ராத்திரி, "குழந்தைக்குப் பேரு நான் வைக்கலாமாண்ணே?" என்று கேட்டான். வைக்கலாம், ஆனால் செத்தவள் பெயர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.