படிக்கட்டுல உக்காந்திருந்த டைரக்டர்

ஜூன் 9

தூக்கம் வரலன்னு ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட் போட்டேன். 1933ல வந்த வார்னர் பிரதர்ஸ் படம், மொத்தமே ஒன்றரை மணி நேரம், பாதிலயே தூங்கிட்டேன் (படம் மேல தப்பில்ல). ஜூலியன் மார்ஷ்னு ஒரு டைரக்டர், ஷேர் மார்க்கெட் சரிஞ்சதுல காசெல்லாம் போச்சு, உடம்பும் சரியில்ல, ஆனாலும் கடைசியா ஒரு மேடை ஷோ பண்ணியே தீருவேன்னு நிக்கிறான். கோரஸுக்கு, அதாவது கூட்டமா ஆடறதுக்கு, ஆள் எடுக்கறப்போ பொண்ணுங்கள பாவாடைய தூக்க சொல்லி கால பாக்குறாங்க. வேலைக்கு அவ்ளோ அடிதடி.

ஜூன் 10

மீதியும் பாத்தாச்சு. முக்கால்வாசி ஒத்திகை தான், ராத்திரி பகல்னு பாக்காம போட்டு வறுத்தெடுக்குறான், கோரஸ்ல புதுசா சேந்த பெகி மயங்கியே விழுறா. பெகியா வர்ற ரூபி கீலர் ஆடறப்போ பாதி நேரம் தன் கால தானே பாத்துக்குது, எனக்கு அது பிடிச்சுது, புதுப்பொண்ணு அப்படித்தானே ஆடும்.

பிலடெல்பியால ஷோ தொடங்கறதுக்கு முந்தின ராத்திரி ஹீரோயினுக்கு கணுக்கால் போச்சு. காசு போட்ட பணக்காரன் அவன் கூட்டிட்டு வந்த ஆனிக்கு அந்த வேஷத்த குடுன்றான், கைக்கு வந்தத வாங்கிக்காம ஆனி என்னால முடியாது, பெகியால முடியும்னு சொல்லிட்டா. எல்லாரும் பெகி கதைன்றாங்க, எனக்கென்னவோ ஆனி கதை தான். ஆனியா நடிச்சது ஜிஞ்சர் ராஜர்ஸ், அதே வருஷ கடைசிலயே ஃப்ரெட் அஸ்டேரோட படத்துல ஆடற ஜோடியா சேந்துட்டாங்க, அது தனி கதை.

ஜூன் 12

பாட்டு சீன் மட்டும் திருப்பி பாத்தேன். டான்ஸ் அமைச்ச பஸ்பி பெர்க்லி கேமராவ உச்சில ஏத்தி நேரா கீழ காட்டுறார், ஆளுங்க எல்லாம் கோலம் மாதிரி விரிஞ்சு மூடுறாங்க. மனுஷன் முதல் உலகப்போர்ல ராணுவத்துல டிரில் நடத்தினவராம், அதான் அந்த வரிசை. ஆனா தியேட்டர்ல உக்காந்திருக்கற எவனுக்கும் அந்த கோணம் தெரியாதேன்னு யோசிச்சா சிரிப்பு வருது, மேடை நாடகம்னு சொல்லிட்டு மேடைல பாக்கவே முடியாதத காட்டுறாங்க.

ஜூன் 13

கடைசி சீன் மண்டைலயே நிக்குது. ஷோ பிரமாதம், ஜனங்க வெளிய வர்றாங்க, எல்லாம் அந்த பொண்ணால தான், மார்ஷ் சும்மா பேர் தட்டிட்டு போறான்னு பேசிக்கிறாங்க. அவன் பக்கத்து சந்துல இரும்பு படிக்கட்டுல ஓஞ்சு போய் உக்காந்து அத கேட்டுட்டு இருக்கான். ஒருத்தனும் திரும்பி பாக்கல. படம் அவ்ளோதான்.

இதே கதைய 1980ல நியூயார்க் பிராட்வே நாடக மேடைக்கு கொண்டு வந்த டைரக்டர் கோவர் சாம்பியன், ஆகஸ்ட் 25, முதல் ஷோ அன்னிக்கு காலைலயே இறந்துட்டார். ஆடினவங்களுக்கே சொல்லல, ஷோ முடிஞ்சு கைதட்டல் ஓயாம போய்ட்டு இருக்கறப்போ தயாரிப்பாளர் டேவிட் மெரிக் மேடை ஏறி விஷயத்த சொல்றார். அதுக்கப்புறம் அந்த நாடகம் 3,486 ஷோ ஓடியிருக்கு.

மணி ரெண்டாச்சு, படிக்கட்டு சீன இன்னொரு தடவ ஓட்டிட்டு படுக்கறேன்.