கவுண்ட் ஏறினதும் வேளாங்கண்ணி

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். டெல்டாவில் பிறந்த கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இந்தத் தேதிகள் மனப்பாடம். அந்த நாட்களுக்குள் ஒரு தடவையாவது மாதா முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது பல வீடுகளில் தலைமுறை நேர்த்தி. ஆனால் வீட்டில் ஒருவருக்கு ரத்தப் புற்றுநோய் வந்து கீமோ ஓடிக்கொண்டிருந்தால், காலண்டரில் முதலில் அடித்துவிட வேண்டியவை இந்தப் பதினோரு நாட்கள்தான். இருமல், சளி, நிரம்பி வழியும் கழிவறை, எங்கே பிடித்தது என்று தெரியாத தண்ணீர் எல்லாம் லட்சக்கணக்கான ஜனத்தோடு சேர்ந்தே வரும். மாதா மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமையிலும் அதே சேலையில்தான் நிற்கிறாள்.

போகும் நாளைக் கவுண்ட்டிடம், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கையிடம், கேட்டுக் குறிக்க வேண்டும். பெரும்பாலான கீமோ மருந்துகளில், ஏற்றிய நாளிலிருந்து 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். பிறகு மெல்ல ஏறும். 21 நாள் சைக்கிள் என்றால், 18 அல்லது 19-ஆம் நாள், அதாவது அடுத்த கீமோவுக்கு முன்னால் வரும் அந்த இரண்டு மூன்று நாட்கள்தான் யாத்திரைக்கான இடைவெளி. கிளம்புவதற்கு முந்தைய நாள், ரத்த அணுக்களை எண்ணிச் சொல்லும் சிபிசி பரிசோதனை எடுத்துவிடுங்கள். ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளணு எண்ணிக்கையை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது. அதில், கிருமியோடு முதலில் மோதும் வெள்ளணு வகையான நியூட்ரோஃபில் எத்தனை சதவீதம் என்று ஒரு வரி இருக்கும். இரண்டையும் பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். மொத்தம் 2,400, நியூட்ரோஃபில் 40 சதவீதம் என்றால் உண்மையான எண்ணிக்கை 960. 500-க்குக் கீழே என்றால் வாசற்படி தாண்டக் கூடாது. ஆயிரத்தைத் தாண்டியிருந்தால் மருத்துவரிடம் கேட்கலாம். 960 என்றால்? இரண்டு நாள் பொறுத்து இன்னொரு சிபிசி எடுத்துப் பார்ப்பதுதான் நல்லது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு 20,000-க்குக் கீழே இருந்தாலும் பயணமே வேண்டாம். 10,000-க்குக் கீழே போனால் அடிபடாமலே ரத்தம் கசியும்.

தாலசீமியா, அப்ளாஸ்டிக் அனீமியா என்று மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. ஏற்றி முடித்த இரண்டாம் மூன்றாம் நாள் உடம்பில் தெம்பு இருக்கும், அப்போது போகலாம். ஏற்றிய தட்டணு மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது என்பதால் அதை நம்பி ஒரு வாரத் திட்டம் போட முடியாது. எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர்களுக்கு முதல் நூறு நாள் யாத்திரை என்ற பேச்சே வேண்டாம். அதற்குப் பிறகும் மருத்துவர் சொன்னால்தான். சிஎம்எல் என்ற மெதுவாக வளரும் ரத்தப் புற்றுநோய் வந்து தினம் மாத்திரை மட்டும் சாப்பிட்டுக் கவுண்ட் ஒழுங்காக இருப்பவர்கள் ஏறத்தாழ எந்த நாளும் போய்வரலாம். அவர்கள் காக்க வேண்டியது மாத்திரையை. அதைக் கீழே சொல்கிறோம்.

தஞ்சாவூரிலிருந்து திருவாரூர், நாகை வழியாக வேளாங்கண்ணி ஏறத்தாழ 90 கிலோமீட்டர், காரில் இரண்டரை மணி நேரம். விடியற்காலையில் கிளம்பினால் வெயிலுக்கு முன்னால் பூசை பார்த்துவிடலாம். சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியில் இந்தச் சாலையில் இன்னொரு சங்கடம் உண்டு. ரோட்டிலேயே நெல்லைக் கொட்டிக் காயவைத்திருப்பார்கள், பக்கத்தில் வைக்கோல் கட்டிக்கொண்டிருப்பார்கள். பார்க்கக் கண்ணுக்கு நிறைவுதான். ஆனால் வைக்கோல் தூசியில் பூஞ்சை விதைகள் இருக்கும். நல்ல நுரையீரல் அதைத் தும்மித் தள்ளிவிடும், வெள்ளணு இல்லாத நுரையீரலில் அது முளைக்கும். அதனால் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, முகத்தில் என்95 மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தூசி இருக்காது, கொசு இருக்கும். டெங்கு வந்தால் நல்ல மனிதருக்கே தட்டணு இறங்கும், ஏற்கெனவே இறங்கியவருக்கு அது பேராபத்து. மழைக்காலத்தில் லாட்ஜில் இரவு தங்காமல் அன்றே திரும்பிவிடுவது உத்தமம்.

சாப்பாடு வீட்டிலிருந்துதான். சூடாக எடுத்த இட்லியை டப்பாவில் அடைத்து, தொட்டுக்கொள்ள எண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி. தேங்காய்ச் சட்னி வேண்டாம், திருவாரூர் தாண்டுவதற்குள் ஊசிப்போகும். கீமோ வாய்ப்புண் இருக்கிறவருக்குப் பொடி எரியும், அவருக்குக் கொஞ்சம் சர்க்கரை. பழத்தில் தோலுரிக்கிற வாழைப்பழம் மட்டும். கொதித்து ஆறிய தண்ணீர் இரண்டு லிட்டர். வழியில் நீர்மோர்ப் பந்தலில் அன்பாகக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். நடுத்திட்டில் மாதா கால் நடக்க முடியாத பையனிடம் மோர் வாங்கிக் குடித்தாள் என்பது இந்தத் தலத்தின் வரலாறு. அதனால் மோரை மறுப்பது மாதாவையே மறுப்பதுபோலச் சிலருக்கு மனசு உறுத்தும். மோரில் கலந்த தண்ணீரும் ஐஸும்தான் பிரச்சினை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகருங்கள், கூட வந்தவர் குடிக்கட்டும்.

தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் காவி கட்டி வெறுங்காலில் நடந்து வரும் யாத்திரை நோயாளிக்கு அறவே கூடாது. காலில் சின்ன வெடிப்பு போதும். நெல்வயல் சேற்றில் வாழும் ஒரு பாக்டீரியா மெலியாய்டோசிஸ் என்ற நோயைக் கொண்டுவரும். எதிர்ப்பு குறைந்தவரையும் சர்க்கரை நோயாளியையும் அது கடுமையாகத் தாக்கும். ஆலய வாசல்வரை செருப்பு, உள்ளே நுழையும்போது துவைத்த காட்டன் சாக்ஸ். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

பூசையில் கடைசி வரிசையில், கதவோரக் காற்றில் உட்காருங்கள். ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே உள்ளவர் எழுந்து, முழங்காலிட்டு, மறுபடி எழுந்தால் தலை சுற்றும். உட்கார்ந்தே பூசை காணலாம். நன்மை, அதாவது நற்கருணை, எடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். தண்ணீரும் மருந்தும் அதில் சேராது. அதே சட்டத்தின் 919-ஆம் விதி, முதியவருக்கும் நோயாளிக்கும் அவரைக் கவனித்துக்கொள்பவருக்கும் அந்த ஒரு மணி நேரத்திலிருந்தே விலக்குக் கொடுக்கிறது. இது தெரியாமல் காலையிலிருந்து பட்டினி கிடந்து, வெறும் வயிற்றில் சிஎம்எல் மாத்திரையான இமாட்டினிப் போட்டு, ஆலய வாசலில் வாந்தி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மாத்திரை சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு போட வேண்டியது. நன்மையைக் கையில் வாங்குவது நல்லது. "சாமி, கீமோல இருக்கிறவங்க, கையில குடுத்திடுங்க" என்று கூட இருப்பவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். வாய்ப்புண் இருந்தால் அப்பம் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு உயிரை எடுக்கும். சின்னத் துண்டாகக் கேட்டு, ஒரு வாய் தண்ணீரோடு விழுங்கலாம்.

அடுத்தது மணல் பாதை. மாதா குளம் வரை முழங்காலில் போகிற நேர்த்தி. தட்டணு 50,000-க்குக் கீழே இருக்கையில் இதைச் செய்தால் முட்டியில் முதலில் சிவப்புப் புள்ளிகள் வரும், பிறகு கத்தரிப்பூ நிறத்தில் கன்றிப்போகும், மூட்டுக்குள் ரத்தம் கட்டினால் வாரக்கணக்கில் கால் மடங்காது. நீண்ட நாள் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிட்டவருக்கு இடுப்பு எலும்பே பலவீனமாகியிருக்கும், கவுண்ட் நன்றாக இருந்தாலும் அவருக்கு இது வேண்டாம். அண்ணனோ மகளோ அவருக்காக முழங்காலில் போக, அவர் ஓரமாக நடந்து செபமாலை சொல்லலாம். பிள்ளைக்காகத் தாய் முழங்காலில் போவது அந்தப் பாதையில் அன்றாடக் காட்சி.

குளத்துத் தீர்த்தத்தைக் குடிக்க வேண்டாம், நெற்றியில் தொட்டுக்கொண்டால் போதும். வீட்டுக்கு எடுத்துப் போகும் பாட்டிலுக்கும் அதேதான். மந்திரித்த எண்ணெயைப் புண்ணில்லாத தோலில் தடவலாம். பிக் லைன், அதாவது மருந்து ஏற்றக் கை நரம்பு வழியே இதயத்துக்குப் பக்கம் வரை செருகிய குழாய், போட்ட கையில், டிரெஸ்ஸிங் பக்கம் கொண்டுபோகவே கூடாது, பிளாஸ்டர் கழன்றுவிடும். கடல் குளியலும் அதே காரணத்தால் கிடையாது. குழாய் வழியே ஏறும் கிருமி நேராக இதயத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

காணிக்கைக் கடைகளில் கண், கை, கால், இதயம், தொட்டில், வீடு என்று தகட்டில் உருவம் விற்பார்கள். ரத்தத்துக்கு உருவம் கிடையாது. முழு ஆள் உருவத் தகட்டை வாங்கிக்கொள்ளலாம். ரத்தம் ஓடாத இடம் உடம்பில் ஏது?

நோயாளிக்குச் சாமியார் எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பெரியவர்கள் இதை அவஸ்தைப் பூசுதல் என்றே சொல்லிப் பழகியவர்கள். சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு வீட்டுக்குள் நுழைந்தால் அழுகை தொடங்கிவிடும். அதனால் நோயாளிக்கு நினைவு தப்பும்வரை தள்ளிப்போடுகிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-லேயே, இது சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டுமான திருவருட்சாதனம் என்ற எண்ணத்தை மாற்றிவிட்டது. கடுமையான நோய் உறுதியானதும் வாங்கலாம். நோய் முற்றினாலோ திரும்ப வந்தாலோ மறுபடியும் வாங்கலாம். மஜ்ஜை மாற்றுக்கு வார்டில் சேர்வதற்கு முந்தைய வாரம் இதற்கு ஏற்ற நேரம். நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் பூசுவார். சாமியார் கையைச் சுத்தம் செய்துகொண்டு பூசுமாறு கேட்பதில் தப்பே இல்லை.

மாற்கு நற்செய்தி 5-ஆம் அதிகாரத்தில், 12 வருடமாக ரத்தப்போக்கால் அவதிப்பட்ட பெண் கூட்டத்துக்குள் நுழைந்து ஆண்டவரின் ஆடையைத் தொடுகிறாள். ரத்த நோயாளிகள் தங்களுடையதாகவே எடுத்துக்கொள்ளும் பகுதி இது. அவள் வைத்தியர்களிடம் சொத்தையெல்லாம் செலவழித்தாள் என்று அதில் வருகிற வரியை மட்டும் பிடித்துக்கொண்டு, "இனிமே மாத்திரை எதுக்கு, விசுவாசம் இல்லையா?" என்று கேட்கும் ஜெபக் கூட்டங்களும் நடக்கின்றன. சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டுங்கள். மருத்துவரை மதிக்கவும் மண்ணிலிருந்து ஆண்டவர் படைத்த மருந்தை வெறுக்காமலிருக்கவும் அது நேரடியாகவே சொல்கிறது. தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் உறவுகளின் வேதாகமத்தில் அந்த நூல் இருக்காது. அவர்களுக்கு கொலோசெயர் 4:14 போதும், லூக்காவே வைத்தியர்தான். சிஎம்எல்லில் கவுண்ட் சரியாக இருப்பது மாத்திரை வேலை செய்வதால். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் நோய் திரும்பி வரும். ஏஎல்எல் என்ற வேகமாக வளரும் ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு, நோய் திரும்பாமலிருக்க ஏறத்தாழ இரண்டு வருடம் மெயின்டெனன்ஸ் மாத்திரை உண்டு. அதில் மெர்காப்டோபூரின் தினம், மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே நாள். பயண அவசரத்தில் இரண்டையும் ஒரே டப்பாவில் கொட்டி மெத்தோட்ரெக்சேட்டைத் தினம் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதைத் தனி உறையில் போட்டு, கிழமையைப் பெரிதாக எழுதி, அந்தக் கிழமை யாத்திரைக்குள் வராவிட்டால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

பையில் டிஜிட்டல் வெப்பமானி கட்டாயம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் யாத்திரை அங்கேயே முடிந்தது. பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைத்துவிட்டு தேர் பார்த்துவிட்டுப் போகலாம் என்ற யோசனைதான் ஆளைக் கொல்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியே ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். நாகை, திருவாரூர், தஞ்சை மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு, 108 வரும். போனதும் முதல் வாக்கியமாக "கீமோ நடக்குது, கவுண்ட் கம்மி" என்று சொல்லி, கடைசி டிஸ்சார்ஜ் சம்மரியையும் சிபிசியையும் நீட்டுங்கள். இல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் வரிசையில் உட்காரவைப்பார்கள். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை முன்னால் சாய்த்து, மூக்கின் மிருதுவான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நடுவில் திறந்து பார்க்காதீர்கள். தட்டணு குறைந்தவருக்குத் தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் காத்திருக்க நேரமில்லை. ரத்தம் கொடுக்கக் கூட வந்தவர்கள் தயாராக இருப்பார்கள். மஜ்ஜை மாற்று நடக்க வாய்ப்பிருந்தால் கூடப்பிறந்தவர்களும் பெற்றோரும் கொடுக்க வேண்டாம், பங்கு இளைஞர்கள் கொடுக்கட்டும்.

முடி காணிக்கை மிச்சமிருக்கிறது. கீமோ தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் முடி தானாகவே தலையணையில் உதிரும். மாதாவுக்கு நேர்ந்த முடி வீணாகப் போகிறதே என்று அதற்கு முன் மொட்டையடிக்கக் கிளம்புவார்கள். கவுண்ட் இறங்கும் அதே வாரம் அது. சவரக்கத்திக் கீறல் தட்டணு இல்லாத தலையில் நிற்காமல் கசியும், கிருமியும் அதே வழியில் உள்ளே போகும். உதிர்ந்ததை ஒரு துணியில் முடிந்து கொண்டுபோய்க் காணிக்கையாக வைக்கலாம். இல்லையென்றால் நேர்த்தியைத் தள்ளிப்போடலாம், அதற்குக் கெடு எதுவும் கிடையாது. கீமோ முடிந்து மூன்று நான்கு மாதத்தில் புது முடி வரும். முதலில் பூனைமுடி மாதிரி, சிலருக்கு முன்னே இல்லாத சுருட்டையாக. தட்டணு ஒரு லட்சத்தைத் தாண்டி, பிக் லைன் எடுத்த பிறகு, அந்தச் சுருட்டை முடியோடு வேளாங்கண்ணிக்குப் போய், முடி எடுப்பவரிடம் புது பிளேடு போடச் சொல்லிவிட்டு உட்காரலாம்.