திரையில் பத்தில் ஒரு பங்கு

செயற்கை நுண்ணறிவால் உருவானவற்றுக்கு அடையாளக் குறி கட்டாயம் என்று 2025 அக்டோபரில் ஒன்றிய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் வெளியிட்ட வரைவு விதிகள், காட்சியானால் பரப்பில் குறைந்தது 10 விழுக்காட்டையும், ஒலியானால் முதல் 10 விழுக்காட்டு நேரத்தையும் அந்தக் குறிக்கு ஒதுக்கச் சொன்னபோது, அது மிகையானது என்ற எதிர்ப்பும் எழுந்தது. எனக்கு அது மிகையாகத் தெரியவில்லை. மருத்துவர் ஒருவர் பேசுவதுபோல் செய்யப்பட்ட போலிக் காணொளியை நம்பி, சர்க்கரை நோய்க்கான மருந்து ஒன்றின் பெயரை நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் என் அம்மா கவனமாக எழுதி வைத்திருந்தார். கோப்புக்குள் மறைந்திருக்கும் குறி பலமுறை பகிரப்படும்போது அழிந்துபோகக்கூடும்; அழியாவிட்டாலும் அம்மாவின் கண்ணுக்கு அது தெரியப்போவதில்லை. ஆகவே குறி திரையிலேயே, தமிழில், கண்ணாடி இல்லாமல் அவர் படிக்கக்கூடிய அளவில் இருக்க வேண்டும்.